அம்மாவின் கைரேகையை நம்பி வீட்டை விற்கலாமா?

கேள்வி: கோவையில் உள்ள வீடு அப்பா 1994-ல் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. போன வருடம் அப்பா காலமாகிவிட்டார், உயில் இல்லை. அம்மாவுக்கு 79 வயது. மறதி நோய் முற்றி இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார், சில நாள் எங்களையே அடையாளம் தெரிவதில்லை. அக்காவுக்கு 1986-லேயே கல்யாணம் ஆகிவிட்டது, தம்பி சிங்கப்பூரில். இல்லத்துக்கு மாதாமாதம் கட்டுவதற்காகத்தான் வீட்டை விற்கப் பார்க்கிறோம். "அம்மாகிட்ட ரேகை வச்சு ஒரு பவர் வாங்கிடுங்க, அக்கா கையெழுத்தே தேவையில்ல, மத்தத நான் பாத்துக்கறேன்" என்கிறார் புரோக்கர். செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. அந்தப் புரோக்கர் சொன்ன இரண்டுமே தப்பு, அதில் ஒன்று உங்களை போலீஸ் ஸ்டேஷன் வரை கொண்டுபோகும்.

முதலில் அக்கா விஷயம். 1989-க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு இல்லை என்று இன்னும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அந்த ஆண்டுக் கணக்கெல்லாம் பூர்வீகச் சொத்துக்காக வந்தது. அப்பா தானே வாங்கி, உயில் எழுதாமல் போன வீட்டில் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு, கல்யாணம் எப்போது ஆனது என்ற பேச்சே கிடையாது. உங்கள் வீட்டில் நாலு பேர், ஆளுக்குக் கால் பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அவர் இறந்தபோது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, ஐந்தாகப் பிரியும். அக்கா கையெழுத்து இல்லாமல் விற்றால் அவருடைய கால் பங்கு விற்பனை ஆகவே இல்லை என்றுதான் அர்த்தம்.

இனி அம்மா. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பவர் என்பது, தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் ஒரு ஒப்பந்தம். எதில் கையெழுத்துப் போடுகிறோம், அதனால் என்ன ஆகும் என்று புரிந்துகொள்ள முடியாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. ரேகை, புகைப்படம், ஆதார் எல்லாம் இருந்தாலும் செல்லாது. மனநிலை சரியில்லாதவர் என்று தெரிந்தால் பதிவை மறுக்க வேண்டும் என்று பதிவுச் சட்டமே சார்பதிவாளருக்குச் சொல்கிறது. எப்படியோ அவர் கண்ணில் மண்ணைத் தூவிப் பதிந்துவிட்டாலும், உள்ளடக்கம் புரியாத நிலையில் இருப்பவரை ஏமாற்றிக் கையெழுத்து வாங்குவது போலி ஆவணம் தயாரித்த குற்றத்தில் வரும். அப்போது மாட்டிக்கொள்வது ரேகை வாங்கிய நீங்கள், கமிஷன் வாங்கிய ஆள் போனை எடுக்க மாட்டார். "அம்மா நல்லா இருந்தப்பவே எனக்கு பவர் கொடுத்திருக்காங்களே" என்று சிலர் கேட்பார்கள். அதுவும் உதவாது, கொடுத்தவர் மனநிலை தவறினால் அந்த பவரும் அன்றோடு முடிந்துவிடும், இறந்தால் முடிவதைப் போலவே.

அப்படியென்றால் மறதி என்று டாக்டர் எழுதிவிட்டாலே கதவு மூடியாகிவிட்டதா? இல்லை. தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒருவர் செய்யும் ஒப்பந்தம் செல்லும் என்று ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் முதலில் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் காட்டி, இந்த வீட்டை விற்பது அவருக்குப் புரிகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். புரிகிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், நடக்க முடியாதவர் என்று மனு கொடுத்துக் கட்டணம் கட்டினால் சார்பதிவாளர் இல்லத்துக்கே வந்து பதிவு செய்யலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது போலத்தான் தெரிகிறது.

தாண்டியிருந்தால் நீதிமன்றம்தான். 1987-ம் ஆண்டு மனநலச் சட்டத்தில், இப்படிப்பட்டவரின் சொத்துக்கு மாவட்ட நீதிமன்றமே ஒரு மேலாளரை நியமிக்க வழி இருந்தது. 2017-ல் புதுச் சட்டம் கொண்டுவந்து பழையதைத் தூக்கிவிட்டார்கள். சிகிச்சைக்கு யார் முடிவெடுப்பது என்று எழுதினார்கள், சொத்தை யார் பார்ப்பது என்பதை அப்படியே விட்டுவிட்டார்கள். வயதானவர்கள் பெருகிக்கொண்டே போகும் நாட்டில் இதைச் சரிசெய்ய யாருக்கும் நேரமில்லை, குடும்பங்கள்தான் அலைகின்றன. இப்போது நடைமுறையில் இருக்கும் வழி, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு உங்களில் ஒருவரைக் காப்பாளராக நியமிக்கக் கேட்பது. 2024-ல் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவி இப்படிக் கேட்டபோது தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார், மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அவரையே காப்பாளராக்கி, சொத்தை விற்கவும் அனுமதித்தது, 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்லி. உங்களுக்கும் அம்மா பங்குப் பணத்தை அவர் பெயரில் போடச் சொல்லலாம், அதிலிருந்து இல்லத்துக்குக் கட்டுங்கள். மருத்துவச் சான்று, இல்லத்தின் ரசீதுகள், அக்கா, தம்பி இருவரின் சம்மதப் பிரமாணப் பத்திரம், இவற்றோடு வக்கீலைப் பாருங்கள்.

தம்பி வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவரில் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும், இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். பவர் உங்கள் பெயரிலோ அக்கா பெயரிலோ இருக்கட்டும், புரோக்கர் பெயரில் எந்தக் காலத்திலும் வேண்டாம். தம்பி வெளிநாட்டுவாசி என்பதால் அவர் பங்குக்கு வாங்குபவர் கூடுதலாக வரி பிடிப்பார், முன்கூட்டியே ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று அது ஊர்ந்து வருவதற்குள் மற்ற வேலைகளைப் பார்க்கலாம். பட்டாவை உங்கள் ஒருவர் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் விரட்டுங்கள், பட்டா மாறியதால் அக்கா பங்கு உங்களுக்கு வந்துவிடாது.

அப்புறம் அட்வான்ஸ். கோர்ட் உத்தரவு கையில் வருவதற்கு முன் ஒரு ரூபாய் வாங்காதீர்கள். வாங்கி, மூன்று மாதத்தில் கிரயம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், உத்தரவு தாமதமாகும்போது வாங்குபவர் உங்கள் மேல் வழக்குப் போடுவார். கைடுலைன் மதிப்புக்கு (அரசு வைத்திருக்கும் மதிப்பு) மட்டும் பத்திரம், மீதி ரொக்கம் என்ற பேச்சும் வரும், புரோக்கர்களுக்கு அது மனப்பாடம். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது, போதாததற்கு அம்மாவின் பங்குக்கு நீங்கள் கோர்ட்டில் கணக்குக் காட்ட வேண்டியவர். விற்கும் வரை இல்லத்துச் செலவை மூன்று பேரும் பகிர்ந்துகொண்டு, யார் எவ்வளவு கட்டினார்கள் என்று வங்கி வழியாகவே கட்டி வையுங்கள், பின்னால் கழித்துக்கொள்ளும்போது அந்தக் கணக்கைத்தான் எல்லோரும் கேட்பார்கள்.