வேரைத் தேடினா வால்தான் கிடைக்குது

கேள்வி: வார்த்தைகளோட பிறப்பைத் தேடுறதுன்னா எனக்குப் பைத்தியம். ரோமானிய சிப்பாய்களுக்கு உப்பை சம்பளமா குடுத்ததாலதான் ‘சாலரி’ங்கிற சொல்லே வந்துச்சாம், என்ன அழகு! லத்தீன் வேர்களைப் படிச்சா இங்கிலீஷ் மொத்தமும் கைக்குள்ள வந்துடும்ங்கிறாங்களே, நிஜமா?

பதில்: வேர் வேர்னு எல்லாரும் மண்ணைத் தோண்டுறீங்க, சில வார்த்தைக்கு வேரே கிடையாதுங்க, வால் மட்டும்தான். பஸ்ஸை எடுத்துக்குங்க. லத்தீன்ல ‘ஓம்னிபுஸ்’னா ‘எல்லாருக்கும்’. 1828ல பாரிஸ்ல, காசு குடுத்தா யார் வேணா ஏறலாம்னு குதிரை வண்டி விட்டப்ப அதுக்கு இந்தப் பேர், அடுத்த வருஷமே லண்டனுக்கும் போயிடுச்சு. பேர் நீளமா இருக்குன்னு வெட்டினவங்க ‘எல்லார்’ங்கிற தலையைத் தூக்கிப் போட்டுட்டு வாலை மட்டும் வச்சுக்கிட்டாங்க. அந்த ‘புஸ்’ வெறும் வேற்றுமை உருபு, நம்ம நாலாம் வேற்றுமை ‘கு’ இருக்கே அதான், தனியா நின்னா ஒரு அர்த்தமும் கிடையாது. ஆக, ஜனங்க தினம் ‘க்கும்’ல ஏறி ‘க்கும்’ல இறங்குது. ‘எட்டரை க்கும் போயிடுச்சா?’ ‘க்கும்ல ஒரே கூட்டம், நின்னுக்கிட்டே வந்தேன்.’ ‘அடுத்த க்கும் எப்ப வரும்?’ ‘க்கும்... வந்துட்டாலும்!’ நம்மாளு இன்னும் ஒருபடி மேல, காணாமப் போன தலையைத் தேடிப் புடிச்சு வாலுக்கு முன்னாடி நிறுத்தி ‘ஆம்னி பஸ்’ஸுன்னு ரெண்டு வார்த்தையாவே ஆக்கிட்டான்.

சரி, உங்க உப்பு. ‘சாலரி’க்கு மூலமான லத்தீன் ‘சலேரியம்’ உப்பு சம்பந்தப்பட்ட சொல்தான், அதுல சந்தேகம் இல்ல. அந்தக் காலத்து ரோமானிய எழுத்தாளர் ப்ளைனி கூட உப்போட பெருமையை எழுதும்போது போற போக்குல அதைத் தொட்டுட்டுப் போறார். ஆனா சிப்பாயை வரிசையில நிறுத்தி உப்பை அளந்து கூலியா போட்டாங்கன்னு சொல்ற பழைய ரோமானிய எழுத்து ஒண்ணுகூட இல்ல, அவன் வாங்கினது காசு. இதே உப்புனால என் பழைய நண்பர் ஒருத்தரோட பேச்சுவார்த்தையே நின்னு போச்சு. சம்பளம்னா சம்பா நெல்லும் அளத்து உப்பும்னு அவர் மேடைக்கு மேடை முழங்க, சம்ஸ்கிருதத்துல வழிச்சோத்துக்கு ‘சம்பலம்’னு ஒரு சொல் இருக்கே, அதையும் ஒரு வாய் சொல்லிட்டுப் போங்களேன்னு நான் கேட்க, அன்னிக்கு முறைச்சுக்கிட்டுப் போனவர்தான். ரோம்லயும் உப்பு, இங்கயும் உப்பு, கதை கட்டுறவனுக்கு உப்பில்லாம இறங்காது போல.

ஒரு சொல்லுக்கு ஏன் இந்தப் பொருள்ங்கிறது சட்டுனு கண்ணுல படாதுன்னு தொல்காப்பியர் எப்பவோ எழுதி வச்சுட்டார், ‘மொழிப் பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’. நம்மாளுங்களுக்கு மட்டும் பார்த்த உடனே தோணிடும்.

லத்தீன்ல ‘ஹபேரே’ன்னா வச்சிருக்கிறது, இங்கிலீஷ்ல ‘ஹேவ்’. பார்த்தா கூடப் பிறந்ததுங்க மாதிரி இருக்கா? கிடையாது. ‘ஹேவ்’வோட நிஜ சொந்தம் ‘கபேரே’, பிடிக்கிறதுன்னு அர்த்தம். லத்தீன்ல ‘க’ வர்ற இடத்துல இங்கிலீஷ்ல ‘ஹ’ வரும், ‘கோர்னு’ன்னா ‘ஹார்ன்’, ‘கென்டும்’னா ‘ஹண்ட்ரட்’. 1822ல யாக்கோப் கிரிம்ங்கிற ஜெர்மன் மொழி அறிஞர் இதை ஒழுங்கா விதியா எழுதிக் காட்டினார். வேர்ச்சொல் ஆராய்ச்சின்னா இதுதான், வரிசையா நூறு சொல்லு ஒரே மாதிரி மாறியிருக்கணும். சாயலை மட்டும் பார்த்து சம்பந்தம் பேசுறது கல்யாண புரோக்கர் வேலை.

படிச்சா இங்கிலீஷ் வருமான்னு கேட்டீங்க. ஓரளவு வரும், டாக்டர் வக்கீல் பாஷை புரியும், படிங்க. ஆனா ஆசை முத்திப் போனா என்ன ஆகும்னும் தெரிஞ்சுக்குங்க. ஃப்ரெஞ்சுலேருந்து ஒழுங்கா ‘பி’ இல்லாம வந்து சேர்ந்த ‘டெட்’ங்கிற கடனுக்கு, இதோட பாட்டன் லத்தீன் ‘டெபிடும்’ ஆச்சேன்னு பண்டிதர்கள் நடுவுல ஒரு ‘பி’யை செருகினாங்க, இன்னிவரைக்கும் ஒருத்தரும் அதை உச்சரிச்சதில்ல, ஸ்பெல்லிங்ல மார்க் போறது மட்டும் பசங்களுக்கு. அதுக்காவது லத்தீன்ல பாட்டன் இருந்தான். ‘ஐலண்ட்’ல இருக்கிற ‘எஸ்’ லத்தீன் ‘இன்சுலா’வோட சொந்தக்காரன், அதே தீவுங்கிற அர்த்தத்துல வர்ற ‘ஐல்’கிட்டேருந்து தப்பா தொத்திக்கிட்டது, ‘ஐலண்ட்’ பழைய இங்கிலீஷ்லயே பொறந்த சுத்த நாட்டுச் சொல், ‘இன்சுலா’வுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.