'கவனித்து வருகிறோம்' என்ற குறிப்பு

கேள்வி: போட்டியாளர்களின் புதுத் தொழில்நுட்பம் பற்றி மாதாமாதம் அறிக்கை கொடுக்கிறோம். மேலதிகாரிகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'கவனித்து வருகிறோம்' என்று குறிப்பு எழுதுகிறார்கள். இரண்டு வருடமாக இதே கதை. அவர்கள் எண்ணம் எப்போதுதான் மாறும்? (ஒரு வாசகர்)

பதில்: அறிக்கை சேரச் சேர எண்ணம் மாறிவிடும் என்று நம்புகிறீர்கள். மாறாது. வருகிற தகவலையெல்லாம் தரம் பிரிப்பது அந்தப் பழைய எண்ணமேதான்.

இன்டெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் மெமரி சிப், அதாவது கணினியில் தகவலைச் சேமிக்கும் சிப், செய்வதற்கென்றே தொடங்கிய கம்பெனி. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானியர்கள் அதே சிப்பை இன்னும் தரமாக, மலிவாகக் கொண்டுவந்தார்கள். நிர்வாகிகளுக்கு இது தெரியும், பேசவும் செய்தார்கள். தரத்தைக் கூட்டலாமா, விலையில் மோதலாமா என்றுதான் பேச்சு ஓடியது. இந்தத் தொழிலில் இருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி வாயில் வர வருடங்கள் ஆயின.

ஆலையிலோ விடை எப்போதோ வந்துவிட்டது. எந்தச் சிப் அதிக லாபம் தருகிறதோ அதற்கே உற்பத்தியில் முதலிடம் என்பது அங்கே விதி. அதன்படி திட்டப் பிரிவினரும் கணக்குப் பிரிவினரும் மெமரிக்கான இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கணினியின் மூளையாக வேலை செய்யும் மைக்ரோபிராசஸர் சிப்புக்குக் கொடுத்துவந்தார்கள். மெமரியைக் கைவிட மேலிடம் முடிவெடுத்தபோது எட்டு ஆலைகளில் ஒன்றுதான் மெமரி செய்துகொண்டிருந்தது! இதைப் படித்த நாளிலிருந்து எந்தக் கம்பெனியின் கொள்கை அறிக்கையையும் நான் முழுதாக நம்புவதில்லை.

1985-இல் ஒருநாள் இன்டெல்லின் பிரசிடென்டாக இருந்த ஆண்ட்ரூ குரோவ், கம்பெனித் தலைவர் கோர்டன் மூரிடம் கேட்டார்: நம்மை வெளியேற்றிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டுவிடுவார் என்றார் மூர். அதை நாமே செய்தால் என்ன என்றார் குரோவ். அன்று புதுத் தகவல் எதுவும் வரவில்லை. வெளி ஆள் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தார்கள், அவ்வளவே. வாடிக்கையாளர்கள் பதறவில்லை, இதற்கு இத்தனை நாளா என்றுகூடக் கேட்டார்கள். ஆனால் 1986-இல் 17 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். மேலே இருந்தவர்களின் தயக்கத்துக்குக் கீழே இருந்தவர்கள் கொடுத்த விலை என்றுதான் அதை நான் பார்க்கிறேன்.

அடுத்த மாதம் போட்டியாளரைப் பற்றி எழுதுவதைக் குறையுங்கள். உங்கள் கம்பெனியின் பணம், ஆட்கள், இயந்திர நேரம் இரண்டு வருடத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்திருக்கின்றன என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். 'கவனித்து வருகிறோம்' என்று எழுதுமிடத்தில், எது நடந்தால், எந்தத் தேதிக்குள் முடிவை மாற்றுவோம் என்பதை மேலதிகாரியின் கையெழுத்திலேயே எழுதி வாங்குங்கள்.