யார் போட்ட சத்தம்?

அன்புள்ள ஐயா,

பொங்கல் விடுமுறையில் மனைவி, பிள்ளைகளோடு பறவை பார்க்கக் கூந்தன்குளம் போய்வந்தோம். சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் என்று பட்டியல் நிறைந்துவிட்டது. திரும்பிய மறுநாள் அழகர்மலை அடிவாரத்தில் ஆறுமணிக்குருவியும் கிடைத்தது. போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டதும் புதரிலிருந்து வெளியே வந்து நின்றது! அருமையான படம். பிள்ளைகளைச் சத்தம் போடாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. எப்படிப் பழக்குவது? பைனாகுலர் எட்டா, பத்தா?

கா., மதுரை

அன்புள்ள கா.,

எட்டு. பத்து மடங்கு காட்டுவது பிள்ளைகள் கையில் ஆடிக்கொண்டே இருக்கும். அது முடிந்தது.

போன வாரம் ஒரு தோப்பில் நான்கைந்து பேரைப் பார்த்தேன். எல்லார் கையிலும் போன், எல்லாப் போனிலும் ஒரே குருவியின் குரல். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் உங்கள் கடிதம் வந்தது.

ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. ஐப்பசி வாக்கில், களைத்துப்போய் வீட்டுக் கொல்லையில் விழுந்து கிடப்பதை யாராவது கண்டெடுப்பார்கள். வந்த இடத்தில் தனக்கென்று ஒரு துண்டு நிலம் பிடித்து, சருகைப் புரட்டிப் பூச்சி தின்று உடம்பைத் தேற்றுகிறது. அங்கே போய் இன்னொரு குருவியின் குரலைப் போட்டால், எவனோ தன் இடத்துக்குள் வந்துவிட்டான் என்று சண்டைக்கு வருகிறது. தம்பி, அது உங்களுக்குக் காட்சி கொடுக்க நிற்கவில்லை. இல்லாத எதிரியைத் தேடி நிற்கிறது. நீங்கள் கிளம்பியதும் அடுத்தவர் வந்து ஒலிக்கவிடுவார். இரை தேட வேண்டிய நேரமெல்லாம் இப்படியே போகும். அதுவும், காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டித் தானாகவே கூப்பிடுகிற பறவை! அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க முடியாதா?

பிள்ளைகள் சத்தம் போடுகிறார்களாம். கூந்தன்குளத்தில் என்னதான் பார்த்தீர்கள்? வீட்டு வாசல் மரத்திலேயே நாரை கூடு கட்டுகிற ஊர் அது. கீழே டிவி ஓடும், பிள்ளைகள் கத்துவார்கள், சண்டை நடக்கும். நாரைக்கு அதெல்லாம் ஊர்ச் சத்தம். வெடிதான் ஆகாது என்று தீபாவளிக்கு வெடிப்பதையே விட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்தவர்கள். உங்கள் மகளும் மகனும் வாயைத் திறந்தால் எந்த நாரையும் ஊரைவிட்டுப் போய்விடாது.

என் அப்பா எங்களைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போவார். பறவைப் பெயர் நாலைந்துக்கு மேல் தெரியாது அவருக்கு. பாம்புத்தாராவைக் ‘கழுத்துக்காரன்’ என்பார். ஒருநாள் அந்தக் கழுத்துக்காரன் முங்கி எழுந்து, அலகில் குத்தியிருந்த மீனை மேலே தூக்கிப்போட்டுத் தலைப்பக்கமாகப் பிடிக்கப் பார்த்தது. மீன் தவறித் தண்ணீரில் விழுந்துவிட்டது. “போச்சா!” என்று என் தங்கை கத்தினாள். அப்பா ‘உஷ்’ என்று அடக்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார். தாரா பறக்கவும் இல்லை. கழுத்தை மட்டும் திருப்பி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி முங்கியது. இன்றைக்கும் வீட்டில் யார் கையிலிருந்து எது விழுந்தாலும் ‘போச்சா’தான்.

பட்டியல் எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அடுத்த தையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கும் அனுப்புங்கள். ஆனால் அழகர்மலைக்கு மறுபடி போகும்போது போனை வண்டியிலேயே வைத்துவிட்டு, மாலை ஐந்தரைக்கே போய் உட்காருங்கள். பிள்ளைகளுக்கு ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், வாய் தானாக அடங்கும். மொறுமொறுப்புக்கு நான் பொறுப்பில்லை.