ஐசியூவில் கட்டில் ஒன்று, நோயாளிகள் இருவர்: முதலில் வந்தவருக்குக் கொடுப்பதுதானே நியாயம்?

பார்மசி வரிசைக்குச் சரி, ஐசியூவுக்குச் சரிவராது. வெள்ளவத்தைக்காரர் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குச் சீக்கிரம் போய்விடுவார். ஹட்டன் தோட்டத்திலிருந்து வருகிறவருக்கு மலைப்பாதையிலேயே பல மணி நேரம் போய்விடும். முதலில் வந்தவர் என்றால் பல நேரம் பக்கத்தில் இருந்தவர் என்றுதான் அர்த்தம்.

வைத்தியர்கள் பொதுவாகப் பார்ப்பது, யாருக்கு அவசரம், யார் சிகிச்சையால் பிழைப்பார் என்பதை. இரண்டும் மோதும், மிக மோசமாக இருப்பவர் கட்டில் கிடைத்தும் பிழைக்காமல் போகலாம்.

சமூகத்துக்கு யார் பயன் என்று பார்க்கவே கூடாது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டிலில் டயாலிசிஸ் மெஷின்கள் மிகக் குறைவு. யாருக்கு என்று தீர்மானிக்க ஒரு குழு அமைத்தார்கள். அது வேலை, வருமானம், கல்வி, தேவாலய ஈடுபாடு வரை பார்த்தது. 1962இல் ஒரு சஞ்சிகை இதை எழுத, பெரிய சர்ச்சையானது. 1972இல் அரசே செலவை ஏற்கச் சட்டம் வந்தது.

சரி, இருவர் நிலையும் ஒன்றென்றால்? என் கருத்தில் சீட்டுக் குலுக்கல்தான். சிரிக்காதீர்கள். தெரிந்த டொக்டருக்கு கோல் எடுப்பது நம் ஊர் வழக்கம். குலுக்கலிடம் அது பலிக்காது.