மொக்கை: மழுங்கியது முதல் அறுவை வரை

கேள்வி: 'மொக்கை' என்ற சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? இடத்துக்கு இடம் மாறுகிறதே?

பதில்: அடிப்படைப் பொருள் கூர்மையின்மை. சீவாத பென்சில், தீட்டாத கத்தி எல்லாம் மொக்கைதான். வெட்டாத கத்தி போல, சிரிக்க வைக்காத ஜோக்கும் 'மொக்கை ஜோக்' ஆனது. ('அறுவை', 'கடி' இரண்டும் இதற்கு அண்ணன்மார்.)

குழப்பம் வருவது வினைச்சொல்லால். 'மொக்கை போட்டான்' என்றால் சலிக்கச் சலிக்கப் பேசினான். 'மொக்கை வாங்கினான்' என்றால் அசிங்கப்பட்டான். வினையை மாற்றிச் சொன்னால் சலித்தவர் யார், அவமானப்பட்டவர் யார் என்பதே தலைகீழாகிவிடும். பெயர்ச்சொல்லுக்கு முன் வந்தால் 'தரமில்லாத': மொக்கைப் படம், மொக்கைப் பாட்டு. எழுதும்போது 'ப்' விடக்கூடாது. பேச்சில் 'மொக்கை' என்பதே 'மொக்க' என்று தேய்ந்துவிடும்.

'பிரியாணியை மொக்கினான்' என்பதில் இருப்பது வேறு சொல்: மொக்கு, அதாவது வாய் நிறைய அடைத்துத் தின்பது.