திருநெல்வேலிப் பக்கம் ஓட்டும் பழைய ஹோண்டா சிட்டி விடெக்குக்கு எந்த ஹெட்டர் வாங்கலாம்?

ஹெட்டர் என்றால் கம்பெனி மேனிஃபோல்டுக்குப் பதிலாக இன்ஜினில் மாட்டி, புகையை வெளியே கொண்டுபோகும் பைப் தொகுப்பு. 4-1, 4-2-1 என்பவை அந்த நான்கு பைப்பும் ஒன்றுசேரும் இரண்டு விதங்கள். கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது: வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். இன்ஜினில் வேறு வேலை எதுவும் செய்யவில்லை. ஆன்லைனில் ஒரு 4-1 ஹெட்டர் கிடைக்கிறது, அல்லது உள்ளூர்ப் பட்டறையில் சொல்லி 4-2-1 செய்துகொள்ளலாம். பெரும்பாலும் ஓட்டுவது பாளையங்கோட்டைக்குள். வாரக் கடைசியில் நாகர்கோவில் ரோடு, எப்போதாவது குற்றாலம், பாபநாசம். எதை எடுக்கலாம் என்பது கேள்வி.

4-2-1 எடுங்கள். நல்ல கையால் வெல்டிங் அடித்ததாக எடுங்கள். நானும் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறேன், என்னிடமும் இதே 106 குதிரைத்திறன் விடெக்தான் இருக்கிறது. இந்த இன்ஜின் மேல் எனக்குப் பெரிய பிரியம் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் கடைக்காரர் கையில் தரும் சாமானை நீங்களே பார்த்துத் தரம் சொல்ல முடியும்.

ஹெட்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் "எத்தனை குதிரைத்திறன் கூடும்" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது எந்த ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும்போது கூடும் என்பதை. ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை புகையை வெளியே தள்ளுகிறது. 3000 ஆர்பிஎம்மில் இரண்டு சுற்றுக்கு 40 மில்லி செகண்டு ஆகும், 6000-ல் 20 மில்லி செகண்டு. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப் வழியாகப் பாய்ந்து, பைப்புகள் ஒன்று சேரும் இடத்தில் விரிந்து, அங்கிருந்து அழுத்தம் குறைந்த அலையாகத் திரும்பி வருகிறது. காற்று உள்ளே வரும் வால்வும் புகை வெளியேறும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில் அது வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை உறிஞ்சி எடுத்துப் புதுக் காற்றையும் உள்ளே இழுத்துக் கொடுக்கும். முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் அந்த உதவி கிடைக்காது. அலையின் வேகம் புகையின் சூட்டைப் பொறுத்தது, அதை நாம் மாற்ற முடியாது. பைப்பின் நீளத்தைத்தான் மாற்ற முடியும். குறைந்த ஆர்பிஎம்முக்கு நீளமான பைப், அதிக ஆர்பிஎம்முக்குக் குட்டையான பைப் என்பதன் அடிப்படை இதுதான்.

4-1-ல் நான்கு பைப்பும் ஒரே இடத்தில் கூடுகின்றன. மேல் ஆர்பிஎம்மில் ஒரு குறுகிய இடத்தில் நன்றாக இழுக்கும், அதற்குக் கீழே அந்த அளவுக்கு இருக்காது. 4-2-1-ல் நான்கு இரண்டாகி, கொஞ்ச தூரம் போய் ஒன்றாகிறது. உச்சத்தில் சிறிது விட்டுக்கொடுத்து நடு ஆர்பிஎம்மில் அகலமாக இழுவை தரும்.

இப்போது உங்கள் கால் எங்கே இருக்கும் என்று யோசியுங்கள். வண்ணாரப்பேட்டையிலும் முருகன்குறிச்சியிலும் இரண்டாவது, மூன்றாவது கியர். பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு ஏறும்போதும் அதேதான். நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலையில் சீரான வேகம். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்றில் ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் 3000-லிருந்து சட்டென்று எழும்பும் இழுவைதான் கைகொடுக்கும். இந்த ஓட்டமெல்லாம் ஏறக்குறைய 2000 முதல் 4500 வரைக்குள் முடிந்துவிடுகிறது. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ வண்டியைக் கொண்டுபோய் நாள் முழுக்க 6000-க்கு மேலேயே வைத்திருக்கப் போகிறவருக்கு 4-1 சரியான தேர்வு. நமக்கு அது இல்லை.

4-2-1 என்று விற்கப்படுவதெல்லாம் சரியான 4-2-1 அல்ல. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த இன்ஜினின் ஃபயரிங் வரிசை, அதாவது சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் முறை, 1-3-4-2. ஆகவே 1-ஐயும் 4-ஐயும் ஒரு ஜோடியாகவும், 2-ஐயும் 3-ஐயும் இன்னொரு ஜோடியாகவும் சேர்க்க வேண்டும். அப்போதுதான் ஜோடிக்குள் இரண்டு சிலிண்டரும் சரியாக ஒரு சுற்று இடைவெளியில் புகை விடும், ஒன்று மற்றொன்றை இடிக்காது. பைப் வளைக்க எளிதாக இருக்கிறது என்று பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களை, அதாவது 1-2, 3-4 என்று சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. பார்க்க அழகாக, நேர்த்தியாக இருக்கும். ஆனால் ஒன்றன் புகை அடங்குவதற்குள் அடுத்தது அதே பைப்பில் வந்து நிற்கும், 4-2-1 போட்ட பலனே போய்விடும். ஒரு நீள ஒயரை முதல் பைப்பில் விட்டு எந்தப் பைப்போடு போய்ச் சேருகிறது என்று பாருங்கள். கடையில் நின்றபடியே ஒரு நிமிடத்தில் முடிகிற சோதனை.

அடுத்தது பைப்பின் விட்டம். 1.5 லிட்டர் இன்ஜினுக்கு ஒன்றரை இன்ச், அதாவது 38 மி.மீ. போதும். 42 மி.மீ. போட்டால் இன்னும் பவர் வரும் என்று ஆசை காட்டுவார்கள். ஒன்றரை மி.மீ. சுவர் கனத்துக்குக் கணக்குப் போட்டால் உள் பரப்பு ஏறக்குறைய கால்வாசி கூடிவிடுகிறது, அதனால் புகையின் வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஒடுங்கிய வாய்க்காலில் விரைந்து ஓடுகிற தண்ணீர் குளத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிடுகிற மாதிரி. கீழ் ஆர்பிஎம்மில் பிக்கப் செத்துப்போகும். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) எல்லாம் மாற்றிய ரேஸ் இன்ஜினுக்கு அது பொருந்தும், கம்பெனி இன்ஜினுக்கு வேண்டாம். நான்கு பைப்பும் மி.மீ. சுத்தமாக ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியும் ரொம்பக் கவலைப்படாதீர்கள். ஒன்றிரண்டு செ.மீ. வித்தியாசத்தை ரோட்டில் உணர முடியாது.

உலோகம் பற்றி நம் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருச்செந்தூர், உவரி, தூத்துக்குடி என்று நாம் கடற்கரைக்கு அடிக்கடி போகிறவர்கள். உப்புக் காற்றில் சாதா இரும்பு ஹெட்டர் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதன் மேல் துணிப்பட்டை மாதிரி ஹெட்டர் ராப் சுற்றினால் இன்னும் கெடுதல், ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி வெளியே தெரியாமல் அரித்துவிடும். 304 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு வகை) நல்ல தேர்வு. 409 கொஞ்சம் மலிவு, மேலே பழுப்பேறும், ஆனாலும் உழைக்கும். காந்தத்தை வைத்துப் பாருங்கள். 409-ல் ஒட்டும், 304-ல் ஒட்டாது. வளைத்த இடத்தில் மட்டும் 304-லும் லேசாக இழுக்கலாம், அதை வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

304-க்கும் ஒரு குணம் உண்டு. சூட்டில் சாதா இரும்பைவிட அதிகமாக நீளும். 60 செ.மீ. பைப் 500 டிகிரி சூடேறினால் சுமார் 5 மி.மீ. நீளுகிறது. அந்த 5 மி.மீ. நகர இடம் இல்லையென்றால் பைப் வெல்டிங்கைத்தான் பிடித்து இழுக்கும், அங்கே விரிசல் விடும். எனவே கலெக்டருக்கு, அதாவது பைப்புகள் எல்லாம் ஒன்றுசேரும் இடத்துக்குப் பின்னால் நெளிகிற மாதிரி ஒரு ஃப்ளெக்ஸ் பைப் இருக்க வேண்டும், இன்ஜின் பிளாக்கோடு பிடிக்க ஒரு பிராக்கெட்டும் வேண்டும். ஃபிளாஞ்சின் (ஹெட்டரை இன்ஜினோடு பிடிக்கும் கனமான தகட்டின்) இரண்டு ஓரத் துளைகள் சற்று நீள்வட்டமாக இருந்தால் செய்தவர் விஷயம் தெரிந்தவர் என்று நம்பலாம்.

வெல்டிங்குக்கு வருகிறேன். ஹெட்டரின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. நம் பக்கத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. கூடங்குளம் கட்டுமானத்திலும் வளைகுடா நாட்டு ரிஃபைனரிகளிலும் பைப் வெல்டிங் செய்த கைகள் இங்கே நிறைய. பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் நிறுத்தி, சுற்றிச் சுற்றி அடித்துக் காட்டும் 6ஜி டெஸ்ட்டில் தேறியவர்கள் அவர்கள். ஹெட்டருக்கு அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கார் பட்டறை வைத்திருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. என் ஹெட்டரைச் செய்தவரும் வளைகுடாவில் பைப் வேலை பார்த்துத் திரும்பியவர்தான். முதல் நாள் அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "உள்ளயும் கேஸ் விட்டுத்தான் அடிப்பியளா, அண்ணாச்சி?" அவர் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, "விடாம அடிச்சா உள்ள பொரிஞ்சு போயிரும்லா" என்றார். அப்போதே வேலையை ஒப்படைத்துவிட்டேன்.

ஆர்கான் வெல்டிங்கில் வெளிப்பக்கத்தை டார்ச்சிலிருந்து வரும் கேஸ் காக்கிறது. பைப்பின் உள்பக்கத்தில் காற்றுதான் இருக்கிறது. எஸ்.எஸ். அந்தச் சூட்டில் காற்றைத் தொட்டால் உள்ளே கருகி, சர்க்கரை பொரிந்ததுபோல் சொரசொரப்பாகிவிடும். புகையின் ஓட்டமும் கெடும், பின்னால் விரிசலும் அங்கிருந்தே தொடங்கும். அண்ணாச்சி ஒவ்வொரு பைப்பின் வாயையும் அலுமினிய டேப் ஒட்டி அடைத்தார். ஒரு முனையில் மெல்லிய டியூபைச் செருகி ஆர்கானை உள்ளே விட்டார், மறுமுனை டேப்பில் ஊசியால் சிறு ஓட்டை போட்டார். உள்ளிருந்த காற்று முழுக்க வெளியேறும்வரை பொறுத்திருந்த பிறகுதான் டார்ச்சைப் பற்ற வைத்தார். முடிந்ததும் செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தேன். வெல்டிங் கோடு உள்ளேயும் வெளிறிய பொன் நிறத்தில், விரலால் தடவினால் தட்டுப்படாத அளவுக்குத் தாழ்வாக இருந்தது. ரெடிமேட் வாங்கினாலும் இதே மாதிரி வெளிச்சம் அடித்துப் பாருங்கள். உள்ளே கருப்பாகப் பொரிந்திருந்தால் வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டிருந்தாலும் வாங்க வேண்டாம்.

ஃபிளாஞ்சையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 10 மி.மீ. கனம் இருந்தால் நல்லது. ஸ்டீல் ஸ்கேலை அதன் முகத்தில் நிறுத்தி அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று கவனியுங்கள், தெரிந்தால் லேத்தில் கொடுத்து முகம் தட்டையாக்க வேண்டும். கம்பெனி கேஸ்கெட்டை (இன்ஜினுக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவே லீக் அடைக்கும் தகட்டை) கையோடு கொண்டுபோய் ஃபிளாஞ்சின் மேல் வைத்துப் பாருங்கள். ஹெட்டின் வாயைவிட ஹெட்டர் வாய் ஒரு மி.மீ. பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருக்கக் கூடாது. வெளியே வரும் புகை ஒரு விளிம்பில் மோதித் திரும்பக் கூடாது, அவ்வளவுதான்.

நம் சிட்டியில் எக்ஸாஸ்ட் முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்து இருக்கிறது. பைப் அங்கிருந்து இன்ஜினுக்கு அடியில் புகுந்து பின்னால் போகிறது. அதனால் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ரேடியேட்டர் ஃபேன் மோட்டாரும் ஏசி பைப்பும். கத்திரி வெயிலில் ஏசி போட்டுச் சிக்னலில் நிற்கும்போது அங்கே சூடு குவியும், தகர ஹீட் ஷீல்டைத் தூக்கி எறியாமல் பொருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று தரை இடைவெளி. நான்கு பேரை உட்கார வைத்து, டிக்கியில் சாமானும் ஏற்றிய பிறகு கலெக்டருக்கும் தரைக்கும் இடையே அளந்து பாருங்கள். நம் தெருக்களின் வேகத்தடைகளில் முதலில் இடிபடுவது அந்தக் கலெக்டர்தான். ஆயில் சம்ப்பைவிட (இன்ஜின் எண்ணெய் தங்கும் அடித்தொட்டியைவிட) கீழே இறங்காத மாதிரி செய்யச் சொல்லுங்கள்.

ஆக்ஸிஜன் சென்சாருக்கான நட்டு நான்கு பைப்பும் சேர்ந்த பிறகு வர வேண்டும். ஒரே ஒரு பைப்பில் வைத்தால் இசியுவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு) அந்த ஒரு சிலிண்டரின் கதைதான் தெரியும். சென்சார் படுத்தோ தலைகீழாகவோ இல்லாமல் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், பைப்பில் ஊறும் ஈரம் அதற்குள் இறங்கக் கூடாது. சென்சாருக்கு முன்னால் சிறு லீக் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோல் போதவில்லை என்று இசியு தவறாக எண்ணிக் கூடுதலாக ஊற்றும். ஹெட்டர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்கிறவர்களிடம் நான் முதலில் தேடச் சொல்வது இந்த லீக்கைத்தான்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையின் நச்சைக் குறைக்கும் பாகத்தை) கழற்ற வேண்டாம். நம் ஊர்க் காற்றை நம் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள். சட்டப்படியும், மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் சத்தம், புகை விதிகளை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். சைலன்சரையும் கம்பெனி நிலையிலேயே விட்டுவிடுங்கள். ஹெட்டர் நல்ல ஹெட்டர் என்று காட்ட சத்தம் தேவையில்லை.

எவ்வளவு கூடும் என்றும் சொல்லிவிடுகிறேன். வேறெதுவும் மாற்றாத 1.5 லிட்டரில் ஐந்து குதிரைத்திறன் கூடினாலே நல்ல பலன். இசியு ட்யூனிங்கோடு சேர்ந்தால் இன்னும் நன்றாக உணரலாம். உங்கள் நண்பர்கள் யாராவது ஃபோக்ஸ்வாகன் 1.0 டிஎஸ்ஐ, 1.5 டிஎஸ்ஐ வைத்துக்கொண்டு இதே ஹெட்டரைக் கேட்டால் தேட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவற்றில் மேனிஃபோல்டு ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது.

மாட்டும்போது முதல் நாள் இரவே பழைய ஸ்டட்டுகளில் (ஹெட்டில் பதிந்திருக்கும் மரை போட்ட கம்பிகளில்) துரு இளக்கும் ஆயில் ஊற்றி வையுங்கள். அலுமினிய ஹெட்டுக்குள் ஒரு ஸ்டட் முறிந்தால் அதை எடுக்கும் செலவு பெரிதாகிவிடும். புது நட்டு, புது கம்பெனி கேஸ்கெட். நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். சில முறை நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மறுபடி ஒரு முறை முறுக்கிப் பாருங்கள்.

கழற்றிய கம்பெனி மேனிஃபோல்டை விற்றுவிடாதீர்கள். 2002-ல் பதிவான வண்டி என்றால் 15 வருடம் முடிந்து பதிவை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்து வருவீர்கள், அடுத்தது 2027-ல். அப்போது வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டும்போது அது தேவைப்படலாம். எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி மச்சில் போட்டு வையுங்கள்.