சிரிப்பு யார் காதில் விழுகிறது?

வாசகர் கேள்வி - பதில்

(பிரபலங்கள் தங்கள் குடிப்பழக்கத்தையும் சிகிச்சையையும் கேமரா முன் பேசுவது பற்றி டெல்டா மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில. குடிநோய் சிகிச்சை அளிக்கும் மனநல மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். கேட்டவர்களின் பெயரை வெளியிடுவதில்லை.)

பூஜா பட் என்ற இந்தி நடிகை குடியை விட்டது பற்றிப் பேசியதை வீட்டில் எல்லாரும் டி.வி.யில் பார்த்தோம். "பட வாய்ப்பு இல்லை, அதான் பேட்டி" என்று மாமனார் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். தினமும் ராத்திரி குடித்துவிட்டு வரும் என் கொழுந்தனாரும் அங்கேதான் இருந்தார். பாதியிலேயே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். இந்தப் பேட்டியெல்லாம் விளம்பரம்தானே?
*- வாசகி, பாபநாசம்*

சிலது விளம்பரமும்தான். பேசிப் பிழைக்கிறவர்கள் எதைப் பேசினாலும் அதில் கொஞ்சம் விளம்பரம் ஒட்டிக்கொண்டுதான் வரும். எது உருப்படி, எது வெறும் பேச்சு என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எத்தனை தடவை விட்டார், திரும்ப எப்போது தொட்டார், யார் கூட்டிக்கொண்டு போனார்கள், எங்கே எத்தனை நாள் படுத்தார் என்ற விவரம் பேச்சில் வருகிறதா என்று கவனியுங்கள். "மன உறுதியால் ஜெயித்தேன்" என்பதோடு முடித்துக்கொண்டால், அந்தப் பேட்டியால் உங்களுக்குப் பயன் ஏதும் இல்லை.

அமெரிக்க அதிபராக இருந்த ஜெரால்டு ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு, மதுவுக்கும் வலி மாத்திரைக்கும் அடிமையாகியிருந்ததை 1978-ல் வெளியே சொன்னார். குடும்பமே கூடி உட்கார்ந்து வற்புறுத்திய பிறகுதான் அவர் சிகிச்சைக்குப் போனார். 1982-ல் அவர் பெயரிலேயே ஒரு சிகிச்சை மையமும் தொடங்கியது. அந்த அம்மாவுக்கு எந்தப் பட வாய்ப்பும் வேண்டியிருக்கவில்லை. பூஜா பட் 2016 டிசம்பரில் குடியை நிறுத்தியவர். பல வருஷமாக அதைப் பற்றிப் பேசிவருகிறார்.

இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சிரிப்பு மும்பைக்குப் போய்ச் சேராது. கொல்லைப்பக்கம் போனவருக்குச் சேர்ந்துவிட்டது. குடிக்கிறவர்கள் இந்த மாதிரிப் பேட்டியை நம்மைவிடக் கூர்ந்து கேட்பார்கள். நாளைக்குத் தான் வாய் திறந்தால் வீடு என்ன சொல்லும் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பேசவேண்டியவர் சிரித்த மாமனார்தான். காலையில், டாஸ்மாக் திறக்கும் 12 மணிக்கு முன்னால், பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஐந்து நிமிஷம் போதும். "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதுப்பா. உனக்கு எப்பத் தோணுதோ சொல்லு, ஆஸ்பத்திரிக்கு நானே கூட வர்றேன்." இதற்குமேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். பழைய கணக்கு, அடகு வைத்த நகை, அடுத்த வீட்டுப் பையனோடு ஒப்பீடு எதுவும் கூடாது. அவர் குடித்திருக்கும்போது இதைப் பேசினால் மறுநாள் அவருக்கு ஞாபகமே இருக்காது. சொன்ன உங்களுக்குத்தான் அலுத்துப்போகும். மனநலப் பிரிவு ஓ.பி. என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருங்கள். அவர் "சரி" என்று சொல்லும் மனநிலை பெரும்பாலும் ஒரு நாளுக்குமேல் தங்காது.

ஏதோ ஒரு பிரபலம் ஒரே நாளில் விட்டாராம் என்று வீடியோ பார்த்துவிட்டு, கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போட்டு அன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்கிறார் என் வீட்டுக்காரர். பன்னிரண்டு வருஷமாகத் தினம் இரண்டு குவார்ட்டர். காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?
*- வாசகி, திருத்துறைப்பூண்டி*

இரண்டும்தான் சகோதரி. அவர் நினைப்பு நல்லது, வழி ஆபத்தானது.

காலையில் குடித்தால்தான் கை நிற்கிறது என்ற ஒரு வரியிலேயே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம்; இரண்டு குவார்ட்டருக்கு 120 கிராம். இத்தனை வருஷமாக இந்த அளவு மூளையை மந்தப்படுத்திக்கொண்டே இருக்க, அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும்.

கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்துக்குமேல் ஆனதும் நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இன்னும் மோசமான ஒன்று வரக்கூடும்: நாள், கிழமை, இடம் தெரியாமல் உளறுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வது, இல்லாத ஆளோடு பேசுவது, காய்ச்சல், படபடப்பு. கிராமத்தில் இதைக் காத்து கருப்பு என்று வேப்பிலை அடிக்க அழைத்துப் போகிறார்கள். "சாமிக்கு மாலை போட்டும் ஏதோ தீட்டுப் பட்டிருக்கு" என்றும் சொல்வார்கள். தீட்டும் இல்லை, பேயும் இல்லை. மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிரே போகும்.

இன்னொரு தப்பும் அடிக்கடி நடக்கிறது. ஆள் சோர்ந்து கிடக்கிறார் என்று பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவார்கள். குடிக்கிறவர் சரியாகச் சாப்பிடாததால் உடம்பில் தயாமின் என்ற வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸைச் செரிக்க பி1 வேண்டும். மிச்சம் மீதி இருப்பதும் அதில் தீர்ந்துவிட்டால் நடை தள்ளாடும், கண் அலைபாயும், ஞாபகசக்தி நிரந்தரமாகவே பாதிக்கப்படலாம். அதனால் முதலில் தயாமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். ஏற்ற வருகிறவரிடம், "குடிக்கிறவருங்க, பி1 போட்டீங்களா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

செய்யவேண்டியது இதுதான். மாலை போடும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தினசரி அளவு, கடைசியாகக் குடித்த நேரம், முன்பு நிறுத்தியபோது வலிப்போ உளறலோ வந்ததா, மஞ்சள்காமாலை, ரத்த வாந்தி, சமீபத்தில் தலையில் அடி, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவரைக் கேட்டால் பாதிதான் சொல்வார். முன்பு வலிப்பு வந்திருந்தாலோ, ஈரல் கெட்டிருந்தாலோ, பெரிய வயதாக இருந்தாலோ கட்டாயம் படுக்கையில் சேர்க்கவேண்டும். நடுக்கமும் வலிப்பும் வராமல் தடுக்க மாத்திரை கொடுத்து, பெரும்பாலும் 5 முதல் 7 நாளில் அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அது முடிந்து மாலை போடட்டும். குருசாமி வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை நீங்களாகப் பாட்டிலைப் பிடுங்கி ஒரேயடியாக நிறுத்தவைக்காதீர்கள்.

நடுவில் வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். வாயில் தண்ணீரோ கரண்டியோ வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்து மாலை கழற்றும் நாள். விரதம் இருந்தவரை ஒரு சொட்டுத் தொடாதவர், மலையிலிருந்து திரும்பும் வேனிலேயே தொடுவது இந்தப் பக்கத்தில் எல்லாரும் பார்த்ததுதான். அந்த வாரத்திலேயே டாக்டரைப் பார்க்கத் தேதி வாங்கிவையுங்கள். ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்ற மாத்திரைகள் இருக்கின்றன. முன்னதற்கு ஈரலையும் பின்னதற்குச் சிறுநீரகத்தையும் சோதித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் அக்கவுண்டில் விழும் வாரமும் இதே மாதிரி வாரம்தான். ஏ.டி.எம். கார்டை உங்களிடம் கொடுத்துவைக்க அவரே ஒப்புக்கொண்டால் நல்லது.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்துகொடுத்தால் குடியை வெறுத்துவிடுவார்கள் என்று ஒரு சொட்டு மருந்து விற்கிறார்கள். வாங்கலாமா?
*- வாசகி, சீர்காழி*

வேண்டாம். பெயரில்லாத பொடியிலும் சொட்டு மருந்திலும் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. அதில் டைசல்பிராம் இருந்தால் இன்னும் ஆபத்து. அது டாக்டர்கள் எழுதித்தரும் மருந்துதான். ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, ஈரலும் இதயமும் சோதித்த பிறகே கொடுக்கவேண்டும். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். சிலர் உயிரிழக்கவும் கூடும். மருந்தை நிறுத்தி 14 நாள் வரைக்கும் இது நடக்கலாம். தெரிந்தே சாப்பிடுகிறவர்கள்கூட ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தையும், நொதித்துச் செய்யும் அரிஷ்டங்களையும் தவிர்க்கவேண்டும். பாட்டி கொடுக்கும் தசமூலாரிஷ்டமும் இதில் சேர்த்திதான்.

அப்பா சிகிச்சை முடிந்து நாலு மாதம் ஆகிறது. ஊர்த் திருவிழா மேடையில் அவரைப் பேசவைக்கவேண்டும் என்று மாமா ஒரே பிடிவாதம். "நடிகர்களே பேசுறாங்க, இவருக்கென்ன?" என்கிறார்.
*- கல்லூரி மாணவர், வலங்கைமான்*

மாமாவின் ஆசை நல்ல ஆசைதான் தம்பி, ஆனாலும் இப்போது வேண்டாம். மேடை ஏறியவர் மறுபடி தடுக்கினால் ஊருக்கே தெரியும். அந்தப் பயத்திலேயே உண்மையை மறைப்பார், டாக்டரிடமும் மறைப்பார். அமெரிக்கப் பாடகி டெமி லொவாட்டோ ஆறு வருஷம் குடிக்காமல் இருந்ததை 2018 மார்ச்சில் கொண்டாடினார். ஜூனில், மறுபடி தொட்டுவிட்டேன் என்று தானே சொன்னார். ஜூலையில் போதைமருந்து அளவு மீறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். கேலி மட்டுமல்ல, கைதட்டலும் ஆளை அழுத்தும். 1935-ல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தில் பத்திரிகை, வானொலி, திரைப்பட அளவில் உறுப்பினர் தன் அடையாளத்தை வெளியிடுவதில்லை என்பது ஒரு மரபு. கூட்டத்துக்குள் எல்லாவற்றையும் பேசலாம். அப்பாவுக்குப் பேசத் தோன்றினால் அந்தக் கூட்டம்தான் சரியான இடம்.

சட்டத்தையும் மாமாவிடம் சொல்லுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக்கூடாது. மாமாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஊடகமா என்று வக்கீல்கள் வாதாடட்டும். அப்பாவைக் கேட்காமல் போடக்கூடாது என்பதில் வாதமே கிடையாது.

மேடையைவிட அவருக்குச் சோதனை பந்தியில்தான். கிடாவெட்டு, கரிநாள், காரியம் மாதிரி நாட்களில் நீங்களோ அம்மாவோ கூடவே போங்கள். போகும் முன் வீட்டில் வயிறாரச் சாப்பிடட்டும். பசி குடியைத் தேடவைக்கும். முதல் பந்தியில் உட்கார்ந்து, கொட்டகைக்குப் பின்னால் ஆள் கூடும் முன் கிளம்பிவிடுங்கள். யாராவது ஊற்றிக் கொடுத்தால் "விட்டுட்டேன்" என்று சொன்னால் "ஒரு நாள்தானே மச்சான்" என்று பதில் வரும். "மாத்திரை சாப்பிடுறேன், சேராது" என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கோடி கோடியாகக் கொட்டியும் மேத்யூ பெர்ரி பிழைக்கவில்லையே. நம்மை மாதிரி ஆட்களுக்கு என்ன வழி?
*- வாசகர், மன்னார்குடி*

மதுவுக்கும் மாத்திரைக்கும் அடிமையாகி மீளப் போராடியதில், சிகிச்சைக்கே சுமார் 90 லட்சம் டாலர் செலவழித்திருப்பேன் என்று அந்த அமெரிக்க நடிகர் 2022-ல் சொன்னார். 2023 அக்டோபர் 28-ல் இறந்தார். கெட்டமின் என்ற மருந்தின் தாக்கமே முக்கியக் காரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. "பார்த்தியா, இதெல்லாம் திருந்தாது" என்று அப்போது பலர் எழுதினார்கள். போதை நோய்களில் சிகிச்சைக்குப் பின் மறுபடி தடுக்குகிறவர்கள் 40 முதல் 60 சதவீதம் என்பதுதான் மருத்துவக் கணக்கு. ரத்தக் கொதிப்புக்காரர்களிலும் பத்தியத்தை விட்டுவிட்டு மறுபடி ஏறிப்போகிறவர்கள் கிட்டத்தட்ட அதே அளவுதான். அவர்களைப் பார்த்துத் திருந்தாத ஜென்மம் என்று யாரும் சொல்வதில்லை.

பணத்தைவிட, தொடர்ந்து வருவதுதான் காரியத்தை நடத்துகிறது. உங்கள் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி மையம், 1989-ல் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு, ஊருக்குள்ளேயே தங்கவைத்துக் குடிநோய்க்குச் சிகிச்சை கொடுத்தது. ஊர்க்காரர்களே இடமும் உதவியும் கொடுத்து நடந்த முகாம் அது. அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு சிகிச்சைக்குக் காசு கட்டவேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாளில் டாக்டர் வருவார். போனில் கேட்க 14416 அல்லது 14446.

தனியார் மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டார் பார்க்கவே கூடாது, ஆறு மாதம் கட்டாயம், அடித்துத் திருத்துவோம் என்கிற இடத்திலிருந்து அப்போதே திரும்பிவிடுங்கள். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் முழுசாகத் தடைசெய்திருக்கிறது.

டீக்கடை வைத்திருக்கிறேன். குடியை விட்ட ஒருவர் சாயங்காலம் வந்து உட்காருவார். டி.வி.யில் நடிகர் யாராவது இதைப் பற்றிப் பேசினால், "உன் பேட்டி எப்பண்ணே?" என்று அவரைச் சீண்டுகிறார்கள். நான் என்ன செய்வது?
*- வாசகர், நீடாமங்கலம்*

சீண்டுகிறவர்களுக்கு உபதேசம் செய்தால் இன்னும் கூடத்தான் செய்யும். சேனலை மாற்றிவிட்டு, "அண்ணே, இந்தப் பக்கம் வாங்க" என்று அவரைப் பட்டறைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குமேல்தான் அவருக்குக் கஷ்டமான நேரம். டீயோடு சுண்டலோ வடையோ சேர்த்துக் கொடுத்தால் அது மருந்து மாதிரி. அவரை ஊருக்கு உதாரணமாகக் காட்டவும் வேண்டாம். பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் கடையில் தொங்குகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. 2019-லிருந்து இரண்டுக்கும் தடை. இருந்தும் டாஸ்மாக் போகிற வழியில் அவைதான் நல்ல வியாபாரம் என்று எங்களுக்கும் தெரியும். அவற்றைப் பார்த்தாலே குடி ஞாபகம் வரும். தொங்கினால், அவர் வந்து உட்காரும் முன் எடுத்துவிடுங்கள்.